கோலத்துக்குக் காவி, அறைக்கு என்ன?



மார்கழியில் வாசல் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். புள்ளி வைத்து, கம்பி இழுத்து எல்லாம் முடிந்த பிறகு, சுற்றிலும் காவி பூசுவார்கள். நடுவில் சாண உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ செருகுவார்கள். அதன் பிறகுதான் கோலம் முழுமை பெறும்.

வீட்டு அறையும் அப்படித்தான். பொங்கலுக்கு வெள்ளையடித்து, சாமான்களை ஒழுங்காக அடுக்கிய பிறகும் ஏதோ ஒன்று குறைவது போலத் தோன்றும். அந்தக் கடைசி வேலையை நீங்களே செய்யலாம். அதற்கு அதிகம் செலவும் ஆகாது. நான் எங்கள் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் கிடைப்பதை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் உங்கள் ஊரில் கிடைப்பதை வைத்துச் செய்யுங்கள்.

முதலில் எடுங்கள்!

அழகு செய்வது என்றால் பொருளைக் கொண்டுவந்து வைப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் முதல் வேலை, வேண்டாததை எடுப்பதுதான். போன வருடக் காலண்டர், கிழிந்த ஸ்டிக்கர், உடைந்த பொம்மை எல்லாவற்றையும் அகற்றுங்கள். சுவரில் வெற்றிடம் இருந்தால்தான் மாட்டிய படம் கண்ணுக்குத் தெரியும். ஒரு சுவருக்கு ஒரு படம் போதும்.

படம் எந்த உயரத்தில்?

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்தது எங்கள் ஓட்டப்பிடாரத்தில்தான். அவர் பிறந்த இல்லம் இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. அவர் படத்தை உங்கள் அறையில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் படங்கள் கூரையை ஒட்டித் தொங்கும். அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். படத்தின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 5 அடி உயரம். நீங்கள் படிக்கும் அறை என்றால் உங்கள் உயரத்துக்கு ஏற்ப இறக்கிக்கொள்ளுங்கள்.

படம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நூலின் நுனியில் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு தயார்! சட்டத்தின் பக்கவாட்டு ஓரம் நூலோடு ஒட்டி இருந்தால் படம் நேராக இருக்கிறது. ஆணி அடிக்க மட்டும் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

பனை தரும் அழகு

தூத்துக்குடி மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. மணப்பாட்டில் சாயமேற்றிய ஓலையில் பெட்டி, கூடை எல்லாம் முடைகிறார்கள். ஓர் ஓலைப்பெட்டி உங்கள் மேசையில் இருந்தால் பென்சிலும் ரப்பரும் சிதறாது, மேசைக்கும் அழகு. நம் நாட்டுக்குச் சொந்தக் கப்பல் வேண்டும் என்று 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் வ.உ.சி. அவர் படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் பூவைவிட நம் ஊர் ஓலைப்பெட்டி பொருத்தம் அல்லவா?

கடலிடம் எதைக் கேட்கலாம்?

கடற்கரைக்குப் போனால் கிளிஞ்சல் பொறுக்காமல் வர மனம் வராது. ஆனால் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள், அலையின் வேகத்தைத் தடுக்கும் மதில்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் அவற்றை வெட்டி எடுத்தார்கள். மதில் போனதும் அலை மண்ணை அரித்தது. தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் மூழ்கியே விட்டது.

2001-ல் பவளப்பாறைகளையும் சில வகைச் சங்குகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே, யார் கொடுத்தாலும் அலமாரியில் வைக்கப் பவளப்பாறை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சங்குக்குள்ளும் உற்றுப் பாருங்கள். ஒரு வகை நண்டுக்குச் சொந்த ஓடு அரைகுறைதான். காலியான சங்கைத் தேடிப் புகுந்து, அதையே வீடாக்கிக்கொள்ளும். நம் வீட்டை அழகாக்க இன்னொன்றின் வீட்டைப் பறிக்கலாமா?

கரையில் ஒதுங்கிய சாதாரண மட்டி ஓடுகள் ஐந்தோ ஏழோ போதும். சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். எலுமிச்சைச் சாறு வேண்டாம். ஓடு சுண்ணாம்புப் பொருளால் ஆனது, புளிப்பு அதை அரித்துவிடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் நிறம் எடுப்பாகத் தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை

நிலைப்படியில் நின்று அறையைப் பாருங்கள். இரவில் தாத்தா, பாட்டி நடந்தால் கால் தடுக்குமா? விளக்கின் அருகே காகிதத் தோரணம் தொங்குகிறதா? இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். காவி கோலத்தை எடுத்துக்காட்ட வேண்டும், மூடிவிடக் கூடாது.

வரும் ஞாயிறு ஒரே ஒரு சுவரிலிருந்து தொடங்குங்கள். என்ன, சரிதானே?