புது லேபர் கோடு: டேக் ஹோம் குறைஞ்சா அது நஷ்டமா?



"சம்பளம் அதேதான், ஆனா கைக்கு வர்றது குறைஞ்சிருக்கு. ஹெச்ஆர்கிட்ட கேட்டா புது லேபர் கோடுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க." சமீபமா என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான். இந்தச் சட்டத்தை முதலாளிகளும் ஹெச்ஆரும் படிச்சா போதும்னு நாம விட்டுடறோம். ஆனா கை வைக்கிறது நம்ம பே ஸ்லிப்புல. அதனால நாமளும் ஒரு தடவை பார்த்துடலாம்.

2025 நவம்பர் 21-ல இருந்து, இந்தியாவுல 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலா நாலு தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்திருக்கு. ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்புன்னு நாலு. மாசச் சம்பளக்காரங்களுக்கு இதுல முக்கியமானது "ஊதியம்"ங்கிற சொல்லுக்கான புது விளக்கம்.

இத்தனை நாள் பல கம்பெனிகள் பேசிக்கை 30 சதவீதத்துல வச்சுட்டு, மிச்சத்தை ஹெச்ஆர்ஏ, கன்வேயன்ஸ் அது இதுன்னு பிரிச்சுப் போட்டாங்க. பேசிக் குறைஞ்சா பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாமே குறையும், அதுதான் கணக்கு. இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஊதியத்துல சேராத அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்துல பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினா, தாண்டின தொகையும் ஊதியமாத்தான் கணக்குல வரும்.

உதாரணத்துக்கு, மாசம் 40,000 ரூபாய் சம்பளம்னு வச்சுக்கோங்க. பேசிக் 12,000. மீதி 28,000 ஹெச்ஆர்ஏ, கன்வேயன்ஸ் மாதிரி. பாதின்னா 20,000. ஆக 8,000 ரூபாய் அதிகமா இருக்கு. அது பேசிக்கோட சேர்ந்து, உங்க ஊதியம் 20,000 ஆகிடும்.

இப்போ பிஎஃப். முன்னாடி 12,000-ல 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பிடிச்சாங்க. சட்டப்படி கட்டாயமான உச்சவரம்பு 15,000 தான். அதோட நிறுத்திக்கிட்டா 1,800, முழு 20,000-க்கும் பிடிச்சா 2,400. கம்பெனி பங்கும் உங்க சிடிசிக்குள்ளயே இருந்தா ரெண்டு பக்கமும் உங்க காசுதான், அப்போ குறையறது டபுள். ஏற்கனவே 15,000-க்கு 1,800 பிடிச்சிட்டிருந்தவங்களுக்கு, அதே வரம்புல தொடர்ந்தா, டேக் ஹோம் மாறாது. தொழிலாளர் அமைச்சகமே இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு. அதனால ஹெச்ஆர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "பிஎஃப் 15,000-க்குப் பிடிக்கிறீங்களா, முழு ஊதியத்துக்கா?"

குறையற பக்கத்தை மட்டும் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. அதே ஆள் ஆறு வருஷம் வேலை பார்த்துட்டு வெளிய வர்றார்னா கிராஜுவிட்டி எவ்வளவு? கடைசி ஊதியத்தை 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்து, வருஷக் கணக்கால பெருக்கணும். பழைய பேசிக்கில 41,538 ரூபாய். புது ஊதியத்துல 69,231. இந்தப் பணம் கம்பெனி தரப்போறது, அதனாலதான் பல கம்பெனிகளுக்கு இந்த மாற்றம் கசக்குது. ஆனா கிராஜுவிட்டியையும் சிடிசில சேர்த்துக் காட்டுற கம்பெனியா இருந்தா, ஆஃபர் லெட்டர்ல அந்த வரியை நல்லா பார்த்துக்கோங்க.

இங்க ஒரு வதந்தியை உடைக்கணும். "இனிமே ஒரு வருஷம் வேலை பார்த்தாலே கிராஜுவிட்டி"ன்னு வாட்ஸ்அப்ல சுத்துது பாருங்க, அது பாதி உண்மை. ஃபிக்ஸட் டெர்ம், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு கம்பெனியே நேரடியா எடுத்தவங்களுக்குத்தான் ஒரு வருஷம். நீங்க பெர்மனன்ட்னா பழைய அஞ்சு வருஷம் அப்படியேதான் இருக்கு. இதை நம்பி மூணாவது வருஷம் பேப்பர் போட்டுட்டு கிராஜுவிட்டி எங்கேன்னு நிக்காதீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச மாற்றம் ஃபுல் அண்ட் ஃபைனல்தான். என் முதல் வேலையை விட்டப்போ செட்டில்மென்ட் வர ரெண்டு மாசம் ஆச்சு. ரூம் வாடகைக்கு ஃப்ரெண்டுகிட்ட கை நீட்டினேன். ஒவ்வொரு வாரமும் மெயில் போட்டா "ப்ராசஸ்ல இருக்கு"ன்னு ஒரே பதில். இப்போ, ராஜினாமா பண்ணினாலும் சரி, அவங்களே அனுப்பினாலும் சரி, சேர வேண்டிய ஊதியத்தை ரெண்டு வேலை நாளுக்குள்ள தரணும். பழைய ஊதியப் பட்டுவாடா சட்டம் மாசம் 24,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு. இப்போ அந்த வரம்பு கிடையாது, மேனேஜருக்கும் பொருந்தும். ஒண்ணு மட்டும் கவனிங்க: ரெண்டு நாள்ங்கிறது ஊதியத்துக்குத்தான். கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் இருக்கு.

அப்புறம், அப்பாயின்ட்மென்ட் லெட்டர் எல்லா ஊழியருக்கும் கட்டாயம். வாய் வார்த்தையில வேலைக்குச் சேர்ந்து ஓடிட்டிருக்கிறவங்க கேட்டு வாங்கிடுங்க.

ஊதியம் பாக்கி வச்சா, அதிகாரிகிட்ட முறையிட மூணு வருஷம் வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்கு ஆதாரம் வேணும். வேலையை விடற அன்னிக்கு ஆபீஸ் மெயிலும் ஹெச்ஆர் போர்ட்டலும் லாக் ஆகிடும். அதனால நோட்டீஸ் பீரியட்லயே பே ஸ்லிப் எல்லாத்தையும், ராஜினாமாவை ஏத்துக்கிட்ட மெயிலையும் உங்க சொந்த மெயிலுக்கு எடுத்து வச்சிடுங்க.