வீட்டு மரம் வீதிக்கு வந்த வரலாறு

நத்தார் என்னும் சொல்லை இலங்கைத் தமிழர்க்குத் தந்தவர் போர்த்துக்கேயர். நத்தார் மரத்தை உலகினர்க்குத் தந்தவர் ஜேர்மானியர். சொல்லும் பொருளும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து சேர்ந்தனவேனும், மரமின்றி நத்தாரை நினைத்துப் பார்ப்பது இன்று அரிது. விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் மரத்தைச் சோடிப்பதில் முனைகின்றனர். சோடனை முடிந்ததும் பெற்றோரின் கையைப் பற்றிக்கொண்டு, நகரத்துச் சதுக்கங்களில் நாட்டப்பட்ட பெரிய மரங்களைப் பார்த்துவரப் புறப்படுகின்றனர். வீட்டு மரம் ஒன்று, வெளி மரம் ஒன்று. இவ்விரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றினும், வீட்டு மரத்துக்கு வயது நானூறு ஆண்டுக்கு மேல். வெளி மரத்துக்கோ நூறாண்டு கடந்து சிறிது காலமே ஆகிறது. அகத்தே இருந்த மரம் புறத்தே வந்ததற்குக் காரணங்கள் உள. அவற்றுட் சில துயரம் தோய்ந்தவை.

மத்திய கால ஜேர்மனியில் டிசம்பர் 24 ஆம் திகதி ஆதாம், ஏவாள் ஆகிய இருவரின் திருநாளாகவும் கொள்ளப்பட்டது. அந்நாளில் ஏதேன் தோட்டத்துக் கதையை நாடகமாக நடித்தனர். கடுங்குளிரில் ஏனைய மரங்கள் இலையுதிர்ந்து வெறுங்கொம்பாக நிற்க, தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களே பசுமை மாறாதிருப்பன. ஆதலின் அத்தகைய மரமொன்றை மேடையில் நாட்டி, விலக்கப்பட்ட கனிக்கு அடையாளமாக ஆப்பிள்களை அதில் தொங்கவிட்டனர். நாடகம் வழக்கொழிந்த பின்னரும் மரம் நிலைத்தது. 1605 ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரத்தைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பொன்று, அங்குள்ளோர் தம் வீட்டு அறைகளில் தேவதாரு மரங்களை நிறுத்தி, வண்ணக் காகித ரோசாக்களும் ஆப்பிள்களும் மெல்லிய அப்பங்களும் இனிப்புகளும் கட்டித் தொங்கவிட்டனர் என்று கூறுகிறது. மாட்டின் லூதரே விண்மீன்களைக் கண்டு வியந்து முதன்முதல் மரத்தில் மெழுகுதிரி ஏற்றினார் என்பது பலரும் விரும்பிச் சொல்லும் கதை. அவர் காலத்துச் சான்று எதுவும் அதற்கில்லை.

கண்ணாடி உருண்டைகளின் பிறப்பிடம் துரிங்கிய மலைக்காட்டிலுள்ள லௌஷா என்னும் சிற்றூர். அங்கே 1597 ஆம் ஆண்டு முதல் கண்ணாடித் தொழில் நடந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூர்த் தொழிலாளர், உருகிய கண்ணாடியைக் குழாயால் ஊதிப் பழங்களைப் போலவும் கொட்டைகளைப் போலவும் வார்த்து, உட்புறத்துக்கு வெள்ளிப்பூச்சுக் கொடுத்து விற்கலாயினர். ஆப்பிள் வாங்கப் பணமில்லாத ஓர் ஏழைத் தொழிலாளி அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கனியை ஊதினான் என்றொரு கதையும் உண்டு. மெய்யோ பொய்யோ, கதை அழகாகத்தான் இருக்கிறது.

ஜேர்மனியிலிருந்து மரம் பிறநாடுகளுக்குச் சென்றது பெரும்பாலும் அரண்மனை வழியாகவே. ஜேர்மானிய இளவரசியாகப் பிறந்து, மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு மனைவியாகி இங்கிலாந்துக்கு வந்த சார்லட் அரசியார், 1800 ஆம் ஆண்டில் விண்ட்சரில் குழந்தைகளுக்காக மரமொன்றைச் சோடித்து வைத்தார். எனினும் பொதுமக்களிடையே அது பரவவில்லை. 1848 ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரும் அல்பேட் இளவரசரும் பிள்ளைகள் சூழ மரத்தருகே நிற்கும் படமொன்று இலண்டன் பத்திரிகையில் வெளிவந்த பின்னரே நடுத்தர வீடுகளிலும் மரம் புகுந்தது. ஈராண்டு கழித்து அமெரிக்க மாத இதழொன்று அதே படத்தை மறுபதிப்புச் செய்தபோது, அரசியாரின் முடியணியையும் இளவரசரின் மீசையையும் நீக்கிவிட்டு, அமெரிக்கக் குடும்பமாகவே காட்டியது. குடியரசு நாட்டினர்க்கு மரம் வேண்டியிருந்தது, முடி வேண்டியிருக்கவில்லை.

இத்தனை காலமும் மரத்துக்கு ஒளி தந்தவை மெழுகுதிரிகள். உலர்ந்த ஊசியிலைகளுக்கிடையே எரியும் திரிகளை வைப்பது எத்துணை ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சில நிமிடங்கள் மட்டுமே திரிகளை எரியவிட்டு, வாளி நிறைய நீரை அருகில் வைத்துக்கொண்டு வீட்டார் காவலிருந்தனர். 1882 ஆம் ஆண்டில் எடிசனின் கூட்டாளியான எட்வேட் ஜோன்சன், நியூயோர்க்கிலிருந்த தம் வீட்டு மரத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக 80 மின்குமிழ்களைக் கோத்து எரித்தார். பணம் படைத்தோரின் வேடிக்கையாகத் தொடங்கியதே இது. ஆயினும் காற்றுக்கும் மழைக்கும் அணையாத விளக்கு கிடைத்தமையாலேயே மரம் கூரையை விட்டு வெளியே வர முடிந்தது.

அவ்வாறு வெளியே வந்த ஆண்டு 1912. நியூயோர்க் மடிசன் சதுக்கப் பூங்காவில் அவ்வாண்டு நத்தார்க் காலத்தில் பெரியதொரு மரம் நாட்டப்பட்டது. அதே நாட்களில் பொஸ்டன் நகரத்திலும் மரம் எழுந்தது. சொந்த மரம் வாங்க இயலாதோர்க்கும், போக வீடில்லாதோர்க்கும் ஒரு மரம் வேண்டும் என்பதே இம்முயற்சியில் முன்னின்றோரின் எண்ணம். இன்று விடுமுறை உலாவாக மக்கள் கண்டு களிக்கும் வெளி மரத்தின் தொடக்கம், இவ்வாறு இல்லாதோரை எண்ணிச் செய்த செயலிலேயே இருக்கிறது. 1931 ஆம் ஆண்டில், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, ரொக்பெல்லர் கட்டட வேலைத்தலத்தில் தொழிலாளர் தாமே பணம் சேர்த்து இருபதடி மரமொன்றை வாங்கி நிறுத்தினர். காகித மாலைகளும் சிறு பழங்களைக் கோத்த சரங்களுமே சோடனை. அன்று வேலை கிடைத்திருந்ததே பெரும்பேறு. அம்மரத்தருகே வரிசையில் நின்று அவர்கள் கூலி பெறும் புகைப்படம் இன்றும் உள்ளது. இப்போது அவ்விடத்து மரத்தைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றனர்.

ஆனால் ஒரு நகரம் இன்னொரு நகரத்துக்கு மரம் அனுப்பும் வழக்கமே இவ்வரலாற்றில் மிகச் சிறந்த பகுதி.

கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹலிபாக்ஸ், முதலாம் உலகப் போர்க்காலத்தில் பெருந்துறைமுகமாக விளங்கியது. 1917 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆம் திகதி காலை, வெடிபொருள் நிறைந்த மொன் பிளாங் என்னும் பிரெஞ்சுக் கப்பலும், ஈமோ என்னும் நோர்வீஜியக் கப்பலும் துறைமுகத்தின் ஒடுங்கிய பகுதியில் மோதிக்கொண்டன. பிரெஞ்சுக் கப்பலில் தீ மூண்டது. அதனுள் இருப்பது இன்னதென்று நகரத்தார் அறியார். எழுந்த புகையையும் சுவாலையையும் பார்க்க மக்கள் வீட்டுச் சன்னல்களுக்கு வந்து நின்றனர். பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகளும் நின்று பார்த்தனர். ஒன்பது மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். 9,000 பேர் காயமுற்றனர். சன்னற் கண்ணாடி சிதறியதால் கண் பார்வையை இழந்தோர் பலர். மறுநாள் பெரும் பனிப்புயல் வேறு.

தந்திக் கம்பிகள் அறுந்தமையால் செய்தி அரைகுறையாகவே பொஸ்டனை எட்டியது. முழு விவரம் வரட்டும் என்று அந்நகரத்தார் காத்திருக்கவில்லை. மருத்துவரும் தாதியரும் மருந்துப் பொருள்களும் ஏறிய சிறப்புப் புகையிரதம் அன்றிரவே புறப்பட்டது. வழியிற் பனியால் தடைப்பட்டு, 8 ஆம் திகதி காலையில் ஹலிபாக்ஸை அடைந்தது. அடுத்த ஆண்டு நத்தாருக்கு ஹலிபாக்ஸ் மக்கள் பொஸ்டனுக்கு ஒரு மரம் அனுப்பினர். இடிந்த வீடுகளை இன்னும் கட்டி முடியாத மக்களிடம் கொடுப்பதற்கு வேறென்ன இருந்தது? காடு இருந்தது, காட்டில் மரம் இருந்தது.

பின்னர் அவ்வழக்கம் நெடுங்காலம் விடுபட்டுப் போயிற்று. 1971 ஆம் ஆண்டில் அம்மாகாணத்து மரவளர்ப்போர் சங்கமொன்று அதற்குப் புத்துயிர் அளித்தது. தம் நாட்டு மரத்துக்கு அமெரிக்காவில் விளம்பரம் கிடைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதற்காக நன்றி நன்றியாகாது போய்விடுமா? வணிகம் கலந்த நன்றியேனும், மறதியினும் அது மேலானதே. அன்று தொட்டு ஆண்டுதோறும் நோவா ஸ்கோஷியாவின் மரம் பொஸ்டன் பொதுவெளியில் ஒளிர்கிறது.

இரண்டாவது மரம் கடல் கடந்து இலண்டனுக்கு வருவது. 1940 ஆம் ஆண்டு ஏப்ரிலில் ஜேர்மானியப் படைகள் நோர்வேயைத் தாக்கின. இரண்டு மாதம் போராடிய பின்னர், ஹாக்கோன் மன்னரும் அவருடைய அரசாங்கமும் ஜூன் 7 ஆம் திகதி நாட்டை நீங்கிப் பிரித்தானியாவை அடைந்தனர். இலண்டனிலிருந்து பி.பி.சி. நோர்வீஜிய மொழியில் நாள்தோறும் செய்தி ஒலிபரப்பியது. மன்னரின் குரலும் அவ்வழியே தாய்நாட்டை எட்டியது. 1941 ஆம் ஆண்டில் ஆக்கிரமிப்பாளர் மக்களிடமிருந்த வானொலிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்தனர். ஒளித்து வைத்த பெட்டிகளில் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டோர், கேட்டதை இரகசியத் தாள்களில் அச்சிட்டுக் கைமாற்றினர். இலண்டன் என்பது அவர்களுக்கு ஓர் ஊரன்று, இருட்டில் ஒலித்த ஒரு குரல். மன்னர் தாயகம் திரும்பியதும், நாட்டை நீங்கிய அதே ஜூன் 7 இல், 1945 ஆம் ஆண்டிலே.

1947 ஆம் ஆண்டு முதல் ஒஸ்லோ நகரம் ஆண்டுதோறும் இலண்டன் மக்களுக்கு நத்தார் மரம் அனுப்பிவருகிறது. 1940 முதல் 1945 வரை பெற்ற உதவிக்கு நன்றியறிதலாக அது தரப்படுகிறது என்று மரத்தடியிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஐம்பது அறுபது வயதுடையதும் 65 அடிக்கு மேல் உயர்ந்ததுமான மரத்தைத் தேர்கின்றனர். நவம்பரில், ஒஸ்லோ மாநகர முதல்வரும் பிரித்தானியாவிலிருந்து வரும் விருந்தினரும் முன்னிற்க, அதனை வெட்டுகின்றனர். மரம் வடகடலைக் கப்பலிற் கடந்து, டிரபல்கார் சதுக்கத்தில் நிறுத்தப்படுகிறது. டிசம்பர் மாதத்து முதல் வியாழக்கிழமை மாலையில் விளக்கேற்றுவது வழக்கம்.

அன்றிலிருந்து சதுக்கத்துக்கு மக்கள் வந்தவண்ணமே இருப்பர். கடைத்தெருக்களான ரீஜன்ட் வீதியிலும் ஒக்ஸ்போர்ட் வீதியிலும் வானத்தை மறைக்கும் மின்னொளிகளைக் கண்டு களைத்துவரும் குடும்பங்கள், இம்மரத்தை நோக்கியதும் சற்றே திகைப்பதுண்டு. கண்ணாடிக் கனியில்லை, சரிகையில்லை, வண்ணமுமில்லை. உச்சியிலிருந்து அடிவரை நேர்க்கோடாக இறங்கும் வெண்ணிற விளக்குச் சரங்கள் மட்டுமே. நோர்வேயில் மரம் சோடிக்கும் முறை அது. கொடுத்தவர் வழக்கப்படியே வைத்திருப்பது தக்கதே. மரத்தடியிற் பாடகர் குழுக்கள் மாலைதோறும் நத்தார்ப் பாடல்களைப் பாடி, அறப்பணிகளுக்குப் பொருள் திரட்டுகின்றன. பிள்ளைகள் பாட்டைவிடச் சதுக்கத்துச் சிங்கச் சிலைகளில் ஏறுவதிலேயே கருத்தாயிருப்பர்; அதையும் யாரும் பெரிதாகக் கொள்வதில்லை.

2021 ஆம் ஆண்டில் வந்த மரம் கிளை மெலிந்து, வழியிலேயே சோர்ந்துவிட்டது போலக் காணப்பட்டது. இலண்டன்வாசிகள் பலர் அதனை எள்ளி நகையாடினர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது தமிழர் பழமொழி. போரைக் கண்டவர் தொகை குறையக் குறைய, மரம் எதற்காக வருகிறது என்பதை அறிந்து பார்ப்போரும் குறைகின்றனர் போலும். ஒருகால் அதனாலேதான் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒருமுறை அனுப்பி முடித்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு அது எட்டியிராது.

சனவரி 6 ஆம் திகதி வரை மரம் சதுக்கத்தில் நிற்கும். பின்னர் அதனை இறக்கித் துண்டு துண்டாக அரைத்துத் தோட்டங்களுக்கு உரமாக இடுகின்றனர். அவ்வேளையில் ஒஸ்லோவைச் சூழ்ந்த காடுகளில் அடுத்த மரத்துக்கான வேலை நடந்துகொண்டிருக்கும். தேர்ந்தெடுத்த மரத்துக்கு எல்லாப் பக்கமும் வெயில் படவேண்டும் என்பதற்காக, அதனைச் சூழ்ந்து நிற்கும் சிறு மரங்களைக் காட்டுப் பணியாளர் முன்கூட்டியே வெட்டி அகற்றிவிடுகின்றனர்.