உலகைச் சுற்றிவரத் திட்டமிடுவது எப்படி?

(பத்தாம் வகுப்பு மாணவி)

உலகத்தை ஒரு முறை சுற்றிவர வேண்டும் என்ற ஆசை இல்லாத மாணவி நம் பள்ளியில் ஒருத்திகூட இருக்க மாட்டாள். மீனம்பாக்கத்திலிருந்து எழும்பும் விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் நம் கண்களும் அதன் கூடவே போகின்றன. "சரி, போவதற்கு என்னென்ன வேண்டும்?" என்று யாரையேனும் கேட்டுப் பாருங்கள். பணம், பாஸ்போர்ட், விசா என்று மூன்றே பதில்கள்தாம் வரும்.

மூன்றும் வேண்டியவையே. ஆனால் விமானத்தில் ஏறினால் இரண்டு மூன்று நாட்களில் உலகைச் சுற்றி வந்துவிடலாம். ஓராண்டு அளவுக்கு நீளும் பயணத்தைத் திட்டமிடுபவருக்கு முதல் கேள்வியே வேறு. எந்த மாதத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதே அது. இந்தக் கேள்விக்கு விடை கண்டு, உலகைச் சுற்றியும் வந்து காட்டியவர்கள் நம் நாட்டுப் பெண்கள் இருவர். அவர்களுடைய பயணத்தைப் படித்தால் திட்டமிடுதல் என்ற சொல்லின் பொருள் நன்றாக விளங்கும்.

இருவரும் ஒரு படகும்

லெப்டினன்ட் கமாண்டர் ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா கேரளத்திலுள்ள கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இவர்கள் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். 2025 மே 29ஆம் நாள் கோவாவுக்கே திரும்பினர். ஏறத்தாழ எட்டு மாதங்களில் அவர்கள் கடந்த தூரம் 25,000 கடல் மைலுக்கும் மேல். கிலோமீட்டரில் சொன்னால் 46,000க்கும் அதிகம். தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயிலில் ஏறத்தாழ 1,500 தடவை போனால் இத்தனை தூரம் வரும்!

தாரிணியின் நீளம் 56 அடி. ரயிலின் ஒரு பெட்டியைவிடச் சிறியது. அதன் வேகமோ சராசரியாக மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான். நம் தோழியர் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வரும் வேகம்! அந்த வேகத்தில், இரவும் பகலும் நிற்காமல், மூன்று பெருங்கடல்களை அவர்கள் கடந்தனர்.

அதற்கு முன்பே, 2017 செப்டம்பர் 10 முதல் 2018 மே 21 வரை, வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் இதே படகில் 254 நாட்களில் உலகைச் சுற்றி வந்திருந்தனர். ஆறு பேர் செய்த வேலையை இம்முறை இருவரே செய்ய வேண்டியிருந்தது.

எதைச் 'சுற்று' என்பது?

வட துருவத்தின் அருகே போய்ச் சிறிய வட்டம் ஒன்று போட்டுவிட்டு "உலகைச் சுற்றிவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? ஆகவே பாய்மரப் பயணத்துக்கு விதிகள் உண்டு. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும். நிலநடுக்கோட்டைக் குறைந்தது இருமுறை தாண்ட வேண்டும். சூயஸ், பனாமா போன்ற கால்வாய்களின் வழியே குறுக்கே போகக் கூடாது. காற்றின் விசையால்தான் செல்ல வேண்டும். மொத்தத் தூரம் 21,600 கடல் மைலுக்குக் குறையக் கூடாது.

அது என்ன 21,600? பூமியின் சுற்று 360 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. 360ஐ 60ஆல் பெருக்கினால் 21,600. ஒரு கலைக்குரிய தூரமே ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கணக்குப் பாடத்தில் நாம் சலித்துக்கொண்டே படிக்கும் பாகையும் கலையும் கடலில் தூரத்தை அளக்கும் கோலாக இருக்கின்றன.

எந்த மாதம் புறப்படுவது?

பொதுத் தேர்வுக்கு நாம் எப்படி அட்டவணை போடுகிறோம்? தேர்வு நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வருகிறோம். கடற்பயணத்தையும் அப்படித்தான் திட்டமிடுகிறார்கள். அந்தப் பயணத்தின் மிகக் கடினமான தேர்வு தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள ஹார்ன் முனை.

தெற்கே 56ஆம் பாகையில் இருக்கிறது அது. அண்டார்டிகாவுக்கும் அதற்கும் இடையே டிரேக் நீரிணை. அந்த அட்சரேகைகளில் காற்றைத் தடுக்க நிலப்பரப்பே இல்லாததால், மேல்காற்று உலகையே சுற்றிச் சுற்றி வீசி, மலைபோன்ற அலைகளை எழுப்புகிறது. இங்கே குளிர்காலத்தில் போவது பேராபத்து. தென் கோளத்தின் கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆகவே ஹார்ன் முனையைப் பிப்ரவரிக்குள் கடந்துவிட வேண்டும்.

இனிப் பின்னோக்கி எண்ணுங்கள். பிப்ரவரியில் ஹார்ன் முனை என்றால், ஜனவரித் தொடக்கத்தில் நியூசிலாந்தை விட்டுப் புறப்பட வேண்டும். அதற்கு நவம்பரில் ஆஸ்திரேலியாவில் இருக்க வேண்டும். அதற்கு அக்டோபர் தொடக்கத்தில் கோவாவை விட வேண்டும். அப்போது அங்கே தென்மேற்குப் பருவமழையும் ஓய்ந்து வரும். தாரிணி இந்தக் கணக்குப்படியே சென்றது. ஆஸ்திரேலியாவில் ஃபிரீமாண்டில், நியூசிலாந்தில் லிட்டில்டன், ஃபாக்லாந்துத் தீவுகளில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் ஆகிய நான்கே இடங்களில் தங்கியது.

அது கிழக்கு நோக்கிச் சென்றதற்கும் காரணம் அந்த மேல்காற்றே. மேற்கிலிருந்து வீசும் காற்று படகைக் கிழக்கே தள்ளும். எதிர்த்துப் போவதைவிட முதுகில் வாங்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம் அல்லவா?

ஆனால் கடல் நம் அட்டவணைக்குக் கட்டுப்பட்டதன்று. அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்ப மே மாதம் ஏற்ற காலம். கேரளத்தில் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஐ ஒட்டித்தான் தொடங்கும். 2025இலோ மே 24ஆம் நாளே தொடங்கி, இரண்டொரு நாளில் கோவாவையும் எட்டிவிட்டது. தாரிணி வந்து சேர்ந்தது மே 29இல். நன்கு வகுத்த திட்டத்திலும் சில நாட்கள் இயற்கையின் கையில்தான் இருக்கின்றன.

எதை எடுத்துச் செல்வது?

லிட்டில்டனிலிருந்து போர்ட் ஸ்டான்லி வரை உள்ள கட்டமே மிக நீண்டது. ஏறத்தாழ 45 நாட்கள். வழியில் கடை இல்லை. நம் அம்மாக்கள் மளிகைச் சாமான் பட்டியல் போடுவதுபோல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கு, நாளைக்கு மூன்று வேளை, 45 நாள் என்றால் 270 வேளை உணவு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 270 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தில் பதினெட்டுக் குடம்! கடல் நீரை நன்னீராக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. ஆனால் கருவி பழுதாகும் என்று எண்ணித்தான் திட்டமிட வேண்டும். காற்று குறைந்து 45 நாள் 55 நாளானால் என்ன செய்வது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவின் அளவு மட்டும் போதாது, வகையும் முக்கியம். 1519இல் மகெல்லன் ஐந்து கப்பல்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுடன் புறப்பட்டார். 1522இல் உலகைச் சுற்றி ஸ்பெயின் திரும்பிய ஒரே கப்பலில் இருந்தவர்கள் 18 பேர். மகெல்லனே வழியில் கொல்லப்பட்டார். பசிபிக் கடலை அவர்கள் கடந்த மூன்று மாதங்களுக்கும் மேலான காலத்தில் பலரை மாய்த்தது ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோய். காரணம், உணவில் வைட்டமின் சி இல்லாமை. ஒரு மூட்டை நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்! அந்த அறிவு அன்று அவர்களிடம் இல்லை.

கெட்டுப்போனால் என்ன செய்வது?

பசிபிக் கடலில் 'நேமோ முனை' என்று ஓரிடம் உண்டு. எந்தத் திசையில் போனாலும் அங்கிருந்து மிக அருகிலுள்ள நிலம் 2,688 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையம் தலைக்கு மேல் வரும்போது, அதிலிருக்கும் விண்வெளி வீரர்களே அக்கம்பக்கத்தார்! 2025 ஜனவரி இறுதியில் ரூபாவும் தில்னாவும் இந்த இடத்தைக் கடந்தனர். அங்கே பல்வலி வந்தால் பல் வைத்தியர் இல்லை. பாய் கிழிந்தால் தைப்பவர் இல்லை. தையற்காரரும் மின்பணியாளரும் செவிலியும் சமையற்காரரும் அந்த இருவரே.

பழுது என்பது நேர்ந்தே தீரும் ஒன்று. 2018 ஏப்ரலில் முதல் குழுவினர் ஊர் திரும்பும் வழியில் தாரிணியின் சுக்கான் இயக்கத்தில் பழுது ஏற்பட்டது. திட்டத்தில் இல்லாத மொரீஷியஸ் துறைமுகத்துக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் கோவா வந்தனர். அட்டவணையைக் காக்கிறேன் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. திட்டத்தை மாற்றிக்கொள்ளத் தெரிவதும் திட்டமிடுதலைச் சேர்ந்ததே.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் கமாண்டர் அபிலாஷ் டோமி. அவர் 2018 செப்டம்பரில் ஒரு பந்தயத்தில் கலந்துகொண்டபோது, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் பலத்த அடி. மூன்று நாட்களுக்குப் பின் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து அவரை மீட்டது. அவரே பிற்பாடு ரூபாவுக்கும் தில்னாவுக்கும் வழிகாட்டியாக இருந்தார். ஆபத்தை உடம்பால் அறிந்த ஒருவரிடமே அவர்கள் பாடம் கேட்டனர்.

ஒரு நாள் கூடும் விந்தை

கிழக்கே போகப்போக, 15 பாகைக்கு ஒரு மணி நேரமாகச் சூரியன் முந்தி உதிக்கும். நியூசிலாந்தை விட்ட சில நாட்களில் 180ஆம் தீர்க்கரேகையை ஒட்டிய தேதிக்கோடு வரும். அதைக் கிழக்கு நோக்கித் தாண்டினால் ஒரே தேதி இரண்டு நாள் வரும். மகெல்லனின் ஆட்கள் மேற்கு நோக்கிப் போனவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் குறைந்தது. தாங்கள் புதன் என்று எண்ணிய நாளைக் கரையிலுள்ளவர்கள் வியாழன் என்றபோது திகைத்துப்போனார்கள். தேதி வைத்துத் திட்டமிடுபவர் இந்த ஒரு நாளையும் மறக்கக் கூடாது.

எட்டு மாதத்துக்கு மூன்று ஆண்டு

இத்தனையும் படித்த பிறகு என் மனத்தில் நின்றது ஒரு கணக்குதான். பயணம் எட்டு மாதம். அதற்கான பயிற்சியோ மூன்று ஆண்டு. ஆறு பேர் குழுவாகக் கேப் டவுனுக்கும் ரியோ டி ஜெனிரோவுக்கும் போய்வந்த பயணம் முதலில். பிறகு இருவர் மட்டுமாக மொரீஷியஸ் வரை ஒரு பயணம். இப்படிச் சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்குச் சென்றனர். ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருந்து காவல் காக்கவும், சலிப்பும் சினமும் வரும்போது ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளவும் அந்த ஆண்டுகளில் பழகிக்கொண்டனர்.

பெண்பிள்ளை தொலைதூரம் போகிறேன் என்றால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "துணைக்கு யார்?" என்பது. அக்கறையால் எழும் கேள்வி அது. அதைக் கேட்டு நாம் முகம் சுளிப்பதில் பயனில்லை. என்ன கற்றிருக்கிறாய், எதற்கெல்லாம் தயாராக இருக்கிறாய் என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ரூபாவும் தில்னாவும் மூன்று ஆண்டுப் பயிற்சியால் அதற்கு விடை சொன்னார்கள். இந்தியக் கடற்படை பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது 1992இல்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோழியரே, நம் கையில் இன்று படகு இல்லை, பணமும் இல்லை. ஆனால் உலக வரைபடம் இருக்கிறது, நாட்காட்டி இருக்கிறது. போக விரும்பும் நாடுகளைக் குறியுங்கள். அங்கே எந்த மாதம் மழை, எந்த மாதம் குளிர், எந்த மாதம் காற்று என்று கண்டுபிடியுங்கள். பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நாளைக் குறியுங்கள். நீச்சலும், முடிச்சுப் போடுவதும், முதலுதவியும், கிழிந்ததைத் தைப்பதும் இந்த ஊரிலேயே கற்கக் கூடியவை. பெற்றோரிடம் அனுமதி கேட்கும் நாளில், ஆசையை மட்டும் சொல்லாமல் இந்தக் காகிதத்தையும் எடுத்து முன்னே வைப்போம். அந்தக் காகிதத்தைப் பார்த்தபின் மறுத்துச் சொல்வது எந்தத் தந்தைக்கும் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்!