மடையில் வந்து நிற்கும் டவுன் குப்பை

ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணையைத் திறந்தால் கன்னிப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் வரும். அனந்தனார் கால்வாயிலிருந்து பிரியும் எங்கள் மடைக்கு, தண்ணீருக்கு முன்னால் பாலித்தீன் பையும் மது பாட்டிலும் டயப்பரும் வந்துவிடும். அதையெல்லாம் கம்பால் கோரி வரப்பில் போடுவதுதான் எனக்கு முதல் வேலை. ரசாயனம் தொடாமல் எட்டு வருஷமாகப் பேணி வரும் வயல் இது. போன வருஷம் நடவுக்கு வந்த அக்காவின் உள்ளங்காலில் பாட்டில் ஓடு ஏறி ஐந்து தையல். கூலியும் போச்சு அவளுக்கு.

கோபத்தில் மனு எழுதினேன். கால்வாய்க் கரையில் குடியிருக்கிறவர்கள்மேல் நடவடிக்கை வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒரு அலுவலகத்தில் "கால்வாய் எங்க பொறுப்பில்ல" என்றார்கள். அடுத்ததில் "குப்பை எங்க பொறுப்பில்ல". ஆறு மாதம் அலைந்ததில் செருப்புதான் தேய்ந்தது.

பிறகு போட்டோ எடுக்கலாமென்று அந்தக் கரைக்கே போனேன். வாளியோடு நின்ற அம்மா ஒருத்தர் கேட்டார்: "வண்டி எங்க முடுக்குக்குள்ள வராது அண்ணாச்சி. பக்கத்துல ஆளில்லாத காலிமனை, புதர் மண்டிக் கெடக்கு, பாம்பு வருது. நாங்களும் மனு குடுத்தாச்சு. பின்ன எங்க கொண்டு போட?"

எனக்குப் பதில் இல்லை. என் மனுவில் அவர்கள் குற்றவாளிகள். அவர்கள் மனுவும் என்னுடையதுபோலவே தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போது நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படித்துப் பார்த்தோம். வடிகாலிலும் நீர்நிலையிலும் குப்பை போடக்கூடாது, எரிக்கவும் கூடாது. பிரித்துக் கொடுக்க வேண்டும். அதே விதிகள், குடிசைப் பகுதி உட்பட வீடு வீடாகப் போய் வாங்குவது உள்ளாட்சியின் கடமை என்றும் சொல்லியிருந்தன. இந்த இரண்டாவது பாதியை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. இரண்டையும் எழுதி, காலிமனையையும் சேர்த்து, கரைக்காரர்களும் வயல்காரர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம்.

இப்போது முடுக்கு முனைவரை தள்ளுவண்டி வருகிறது, வாரம் இரண்டு நாள். காய்கறிக் கழிவை நான் வாங்கிக்கொள்கிறேன். காய்ந்த இலை, வைக்கோல், சாணிக் கரைசலோடு அடுக்கி அவ்வப்போது புரட்டினால் இரண்டு மாதத்தில் மட்கிவிடும். மட்டி வாழைக்கு அதைத்தான் போடுகிறேன். முதலில் ஸ்பூன், ஷாம்பு பாக்கெட் எல்லாம் சேர்ந்தே வந்தது. வாளியோடு திருப்பி அனுப்பியதில் இரண்டு பேருக்கு என்மேல் வருத்தம்.

காலிமனை அப்படியே கிடக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். டயப்பரும் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. அடுத்த மனு எழுதி வைத்திருக்கிறோம். இன்னும் நாலு கையெழுத்து பாக்கி.