சீட்டில் முதலில் உட்காரும் பொம்மை

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பும் வாடகைக் கார் விடிவதற்குள் தாம்பரத்தைத் தொட வேண்டும். அதுவரை டிரைவருக்கு ஒரே இருக்கைதான். பாதி வழியில் இடுப்பு கடுத்தால் ‘சீட் சரியில்லை’ என்பார். அந்தச் ‘சரியில்லை’யை அளந்து சொல்ல முடியுமா? முடியும்.

முதலில், உட்கார்ந்தவரின் இடுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கென்றே தலையும் கையும் இல்லாத பொம்மை ஒன்று உண்டு. முதுகுக்கு ஒரு தட்டு, தொடைக்கு ஒரு தட்டு, நடுவில் கீல். சீட்டில் அதை அமர்த்தி எடைக்கட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். மொத்தம் சுமார் 76 கிலோவில் மெத்தை அமுங்கியதும் கீல் நிற்கும் இடமே ‘எச் பாயின்ட்’. சீட் பெல்ட்டும் கண்பார்வையும் காலுக்கான இடமும் அதை வைத்தே கணக்கிடப்படுகின்றன. இந்தியாவில் இதற்கான செய்முறையை ஏஐஎஸ்-097 என்ற வாகனத் தரநிலை வகுத்திருக்கிறது.

அடுத்து அழுத்தம். உணரிகள் பதித்த மெல்லிய விரிப்பின்மேல் ஆளை உட்காரவைத்தால் திரையில் வண்ணப்படம் விரியும். புட்டத்தின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகளுக்குக் கீழே அழுத்தம் மிகுதி, அங்கே சிவப்பு. தொடைப்பக்கம் போகப்போகப் பச்சை, நீலம். முழங்காலின் மடிப்பருகே சிவந்தால் சீட்டின் முன்விளிம்பு காலை நெருக்குகிறது. பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் சிவக்கும்.

மூன்றாவது அதிர்வு. நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆட்டும் குலுக்கலைத்தான் உட்கார்ந்த உடம்பு மிக அதிகமாக உணரும். சீட்டின்மேல் ஒரு முடுக்கமானி, காரின் தரையில் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால் சீட் குலுக்கலைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஷோரூமில் ஐந்து நிமிடம் சுகமாயிருக்கும் மெத்தை நெடுஞ்சாலையில் ஏன் காலை வாருகிறது என்பதும் புரியும்.

முதுகைப் பற்றிய தெளிவு ஸ்வீடனிலிருந்து வந்தது. 1960-களில் அந்நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிடச் சாயாமல் உட்காரும்போது அது கூடியது. சாய்மானத்தைச் சற்றே பின்தள்ளி இடுப்பு வளைவுக்கு முட்டுக் கொடுத்தால் குறையும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

ஆனால் எச் பாயின்ட்டைக் காட்டும் அந்தப் பொம்மை அமெரிக்க ஆண்களின் அளவில் பிறந்தது. இந்திய உடலளவுகளைத் தேவ்குமார் சக்ரபர்த்தி தொகுக்க, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் நூலாக வெளியிட்டது. பொம்மையின் அளவுக்கு அமைந்த சீட்டில் குள்ளமானவர் பெடலை எட்ட முன்னால் நகர்ந்தால் முதுகு சாய்மானத்தை விட்டு விலகிவிடும். பிறகு எந்த முட்டும் உதவாது.

எனவே கிளட்ச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்துங்கள். இடுப்பு வளைவில் துண்டைச் சுருட்டி வைக்கும் டிரைவர்களின் வழக்கம் நல்ல வைத்தியமே. எவ்வளவு நல்ல சீட்டானாலும் அசையாமல் கிடக்கும் உடம்பு மரத்துத்தான் போகும். திருச்சியில் டீக்கு நிறுத்தி நாலடி நடந்துவிட்டுக் கிளம்புங்கள்.