பறைக்கு மானியம் உண்டு, பறையடிக்கும் நாளுக்கு?

இனி சாவு வீட்டுக்குப் பறையடிக்கப் போவதில்லை என்று ஒரு தெரு முடிவெடுத்தால், மறுநாளே அந்தத் தெருவில் சில வீடுகளின் வருமானம் நின்றுபோகும். கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி சுற்றுவட்டாரத்துக்கு இது புதுக் கதையல்ல. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த விழிப்பில், கரிசல் காட்டின் பல ஊர்களில் இளைஞர்கள் சாவு மேளத்தை விட்டார்கள். ஊர்க் கட்டளைக்கு அடிப்பது கலை அல்ல, அடிமை வேலை என்றார்கள். நியாயம்தான்.

ஆனால் பறையை அவர்கள் பரணில் போட்டுவிடவில்லை. ஏப்ரல் 14 ஊர்வலத்தில் அடித்தார்கள். கூலிப் பிரச்சினைக்கும் சாலை மறியலுக்கும் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். சிறுவர்களைக் கூட்டி அடவு சொல்லிக்கொடுத்தார்கள். இழவுக்கு அடித்தால் கையில் காசு வரும், மரியாதை வராது. ஊர்வலத்தில் அடித்தால் மரியாதை கிடைக்கிறது, ஆனால் அன்றைய தீப்பெட்டி ஆபீஸ் கூலியோ கொத்து வேலைக் கூலியோ போய்விடுகிறது. மானத்துக்காக ஒரு வருமானத்தை விட்டவனுக்கு அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது? கலைஞர்களுக்கான மானியம், நிதிநல்கை என்று பேச்சு வரும்போதெல்லாம் நமக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், நலிந்த நிலையில் உள்ள வயதான கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வழங்குகிறது. இசைக்கருவி, ஆடை, அணிகலன் வாங்க ஆண்டுக்கு 500 கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய் என்றும் ஒரு திட்டம் உண்டு. மொத்தம் 50 லட்சம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். சமமாகப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்குப் பதின்மூன்று பேர். கரகம், காவடி, ஒயில், வில்லுப்பாட்டு, தோல்பாவை, நையாண்டி மேளம், தேவராட்டம் என எல்லாக் கலைகளும் அந்தப் பதின்மூன்றுக்குள் அடங்க வேண்டும். அதில் பறைக்கு எத்தனை, கடம்பூர்ப் பக்கத்துக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, விண்ணப்பிக்கலாம் என்று கிளம்பினாலும் முதல் தடை சான்றுதான். நீ கலைஞன் என்பதற்கு என்ன ஆதாரம்? கோயில் கொடையில் வாசிக்கிறவருக்கு நோட்டீஸ் இருக்கும், அதில் குழுவின் பெயர் அச்சாகியிருக்கும். சாவு வீட்டில் முப்பது வருடம் அடித்தவரிடம் என்ன இருக்கும்? கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மகன், மருமகன், பேரன், பேத்தி, சங்கத்து நிர்வாகி வரை எல்லோர் பெயரும் உண்டு. விடிய விடிய அடித்தவர் பெயர் எந்தப் போஸ்டரிலும் வந்ததில்லை. ஊருக்கே அவரைத் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

படிப்பிலும் இதே கதைதான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள். தூத்துக்குடியிலும் அப்படியொரு பள்ளி இருக்கிறது. தவில் உண்டு, மிருதங்கம் உண்டு. இரண்டும் தோல் கருவிகள்தாம். தோல் உரித்துப் பதப்படுத்தியது யார் என்று மிருதங்கத்திடம் யாரும் கேட்பதில்லை. பறை அந்த ஏழில் இல்லை. பள்ளிச் சான்றிதழ் இல்லாத கலைக்கு அலுவலகச் சான்று எங்கிருந்து கிடைக்கும்?

கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் நமக்குத் திருநெல்வேலியில். கடம்பூரிலிருந்து ரயிலேறிப் போய், அலுவலரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி காலி. ஒரு கையெழுத்து விட்டுப்போனால் இன்னொரு நாள். நடுவில் படிவம் நிரப்பித் தருகிறேன் என்று வருபவருக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அதைப் பற்றி வெளியே பேசமாட்டார்கள்.

நெல்லை தங்கராஜை நினைத்துப் பார்க்கிறோம். 2018-இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் பரியனின் அப்பாவாக, பெண் வேடம் கட்டும் கூத்துக் கலைஞராக வந்தவர். நிஜத்திலும் அவர் கூத்துக் கலைஞர்தான். அந்தக் காட்சியைப் பார்த்துத் தமிழ்நாடே கண் கலங்கியது. ஆனாலும் வறுமை அவரை விடவில்லை. அவருடைய வீட்டின் நிலைமை செய்தியான பிறகுதான் மாவட்ட நிர்வாகமும் தமுஎகச தோழர்களும் சேர்ந்து அதைச் சீரமைத்தார்கள். 2023 பிப்ரவரியில் அவர் மறைந்தார். உதவியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது படத்தில் முகம் தெரிந்ததால் கிடைத்த உதவி. முகம் தெரியாத கூத்துக்காரர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்? உதவி என்பது பத்திரிகையில் படம் வந்த பிறகு கிடைப்பதாக இருக்கும்வரை அதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு வகை அரசுப் பணமும் பறைக் குழுக்களுக்கு வருகிறது. டெங்கு ஒழிப்பு, கழிப்பறை, வாக்காளர் விழிப்புணர்வு என்று துறைகள் கலைக்குழுக்களைக் கூப்பிடும். ஊர் ஊராகப் போய் அடித்துப் பாடி வரவேண்டும். கூலி கிடைக்கும், வேண்டாம் என்று சொல்ல முடியாத கூலி. ஆனால் பாட்டு துறை கொடுத்த பாட்டு. கழிப்பறை கட்டு என்று பாடலாம். மலக்குழியில் இறங்கியவன் ஏன் செத்தான் என்று அந்த மேடையில் பாட முடியாது. இதைக் கலைக்குக் கொடுத்த பணம் என்று கணக்கில் எழுதக் கூடாது. விளம்பரத்துக்குக் கொடுத்த கூலி அது.

அப்படியானால் கலைக்குக் கொடுக்கும் பணம் எப்படி இருக்க வேண்டும்? நம் பார்வையில், அது கருவிக்கு அல்ல, நாளுக்குக் கொடுக்கப்பட வேண்டும். கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டையும் தோலும் விலைதான். ஆனால் ஒரு பறை வாங்கிவிட்டால் பல காலம் ஓடும். பழகும் நாள், பழக்கும் நாள், புதுப் பாட்டுக் கட்டும் நாள், கிழவர்களிடம் உட்கார்ந்து பழைய அடிகளைக் கேட்டு எழுதும் நாள், இவைதான் நம்மிடம் இல்லை. நாள் கூலி 600 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குழு, வாரத்தில் இரண்டு நாள், ஆறு மாதம் வேலை செய்ய ஒருவருக்கு 52 நாள், 31,200 ரூபாய். ஐந்து பேருக்கும் 1,56,000 ரூபாய். இப்போது கிடைக்கும் 10,000 ரூபாயைக் கருவி வாங்காமல் கூலியாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு ஆளுக்குப் பதினாறு நாள்தான் தாங்கும்.

நாளுக்குப் பணம் தரும் திட்டங்கள் இல்லாமல் இல்லை. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது. அதைத் தாண்டியவர்களுக்கு இளநிலை நல்கை மாதம் 10,000, நாற்பதைக் கடந்தவர்களுக்கு முதுநிலை நல்கை மாதம் 20,000. நாட்டுப்புறக் கலைகளும் இதில் அடக்கம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அரசு சாராத அமைப்புகளும் உண்டு. பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அறக்கட்டளை 1993-இல் தொடங்கப்பட்டது. கலைஞர்கள், ஆய்வாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று பலருக்கும் நிதிநல்கை தருகிறது. இந்திய மொழி எதிலும் விண்ணப்பம் எழுதலாம், தமிழிலும். ஆங்கிலம் வராது என்று பின்வாங்க வேண்டியதில்லை.

இப்படிக் கிடைக்கும் காலம் என்ன செய்யும் என்பதற்கு மதுரைக்காரர் ஒருவரைச் சொல்லலாம். புகைப்படக் கலைஞர் மு. பழனிக்குமார், மீன் விற்ற தாயின் மகன். துப்புரவுப் பணியாளர்களின் சாவுகளை ஊருக்குச் சொன்ன ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர்தான். திவ்யபாரதி இயக்கிய அந்தப் படத்தைத் திரையிடவே காவல்துறை தடை போட்டது. பழனிக்குமாருக்கு 2020-இல் இரண்டு நல்கைகள், 2021-இல் ஒன்று, 2022-இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது. பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் படம் எடுத்துப் பிழைத்திருக்கலாம். மலக்குழியில் இறந்தவர்களின் வீடுகளுக்கும், கடல்பாசி எடுக்கும் பெண்களிடமும் போனார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். கேமரா கையில் இருந்தால் மட்டும் இதெல்லாம் நடந்துவிடாது. மாதக்கணக்கில் ஊர் சுற்றக் காலம் வேண்டும், அந்தக் காலத்துக்குச் சோறு வேண்டும்.

பணம் வாங்கினால் வாய் கட்டப்படும் என்று நம் தோழர்களில் சிலர் சொல்வார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1935-இல், பஞ்ச காலத்தில், வேலையில்லாத நாடகக் கலைஞர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்தது. கருப்பின மக்களுக்கென்று தனி நாடகக் குழுக்களும் அதில் இருந்தன. நாடகங்கள் அரசியல் பேசுகின்றன, கம்யூனிசம் பரப்புகின்றன என்று சொல்லி 1939-இல் நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. நான்கே வருடம். ஆனால் பணம் வாங்காதவர்களை மட்டும் விட்டுவைத்தார்களா? டாஸ்மாக்குக்கு எதிராகப் பாடிய கோவன் 2015-இல் தேசத்துரோக வழக்கில் கைதானார். பாடுவதற்கு ஆபத்து எப்போதும் உண்டு. அதனால் ஒரே இடத்தின் பணத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதுதான் நாம் எடுத்துக்கொள்வது. வரிப்பணம் நம் பணமும்தான். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம் தெருக்களிலும் மகிழ்ந்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்களின் தோளில் பறையை ஏற்றி மேடையேற்றியதையும் மறக்க முடியாது. கடம்பூர்ப் பக்கத்திலும் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. பெண்களிடம் ஒப்பாரி இருக்கிறது, பருத்திக் காட்டில் பாடிய பாட்டு இருக்கிறது. அறுபதைத் தாண்டிய சிலருக்கு மட்டும் தெரிந்த அடிகள் இருக்கின்றன. சாவுக்கு அடித்தது என்பதற்காக அந்த அடிகளும் சாக வேண்டியதில்லை. அவற்றைப் பதிவு செய்து, யாருக்கு அடிப்பது, யாருக்கு அடிப்பதில்லை என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. கலைஞர் பதிவு முகாமைக் கயத்தாறிலும் கடம்பூரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள். அலுவலர் வரட்டும், பறையோடு வருகிறவர் அவர் முன்னால் அடித்துக் காட்டட்டும், அதையே சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கருவிக்குக் கொடுக்கும் தொகையோடு, சிறுவர்களுக்குக் கற்பிக்கும் நாட்களுக்கு மதிப்பூதியம் சேருங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் தெருவில் தாத்தாவோ பெரியப்பாவோ வாசிக்கும்போது போனில் படம் எடுங்கள், தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். கலைக்குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, வருகைப் பதிவேடு ஒன்று போடுங்கள். எங்கே வாசித்தாலும் அழைத்தவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஊர்வலமானாலும் கொடையானாலும் சரி. நல்கைக்கு எழுதும்போது, என்ன செய்யப்போகிறோம், ஏன், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று நான்கு பத்தி போதும். செலவுக் கணக்கில் கூலியை எழுத மறக்காதீர்கள். நம் ஆட்கள் பஸ் கட்டணம், டீச் செலவு, தோல் விலை எல்லாம் எழுதுவார்கள், தங்கள் கூலியை மட்டும் விட்டுவிடுவார்கள்.