பாதியில் திரும்பிய காசி யாத்திரை

நமது கல்யாணங்களில் காசி யாத்திரை என்று ஒரு வேடிக்கை உண்டு. மாப்பிள்ளை குடையும் தடியும் விசிறியுமாகக் காசிக்குக் கிளம்புவார். நாலடி போவதற்குள் பெண்ணின் தகப்பனார் எதிரே வந்து, "யாத்திரை வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன், இல்லறம் நடத்துங்கள்" என்று தடுத்து நிறுத்துவார். மாப்பிள்ளையும் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் போலச் சட்டென்று திரும்பிவிடுவார். எதிர்பாராமல் வீடு திரும்பிய பிரயாணங்களில் இதைவிடக் குறுகியது வேறு இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் வேடிக்கை அத்துடன் முடிவதில்லை. அன்று திரும்பியவர் திரும்பியவர்தான். பிறகு குழந்தைகளின் படிப்பு வருகிறது. வீட்டுக் கடன் வருகிறது. பெண்ணின் கல்யாணம் வருகிறது. "எல்லாம் முடியட்டும், இருவருமாக நிம்மதியாகப் போகலாம்" என்று கணவர் சொல்கிறார். சில வருஷங்கள் வரையில் மனைவி ஞாபகப்படுத்துகிறாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிடுகிறாள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆர்.கே.பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. இராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற நீண்ட பெயரின் சுருக்கம் அது. நெசவுக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்து வீதிகளில் நடந்தால் விசைத்தறியின் சத்தம் காதை விட்டு அகலாது. பாவு போடுவதிலிருந்து தார் சுற்றுவது வரையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே உழைக்கிற தொழில் நெசவு. தறி ஓடினால்தான் கூலி. ஒரு பக்கம் திருத்தணி மலை. வருஷத்து நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்பார்கள். மற்றொரு பக்கம் சோளிங்கபுரத்து நரசிம்மர் மலை. அங்கே 1,305 படிகள். இரண்டும் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆயினும் இத்தகைய ஊர்களிலே, பக்கத்து மலைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து கடைசியாக எப்போது போனார்கள் என்று விசாரித்தால், விரல் விட்டு எண்ண வேண்டியவை நாட்களல்ல, வருஷங்கள்தான்.

இது ஆர்.கே.பேட்டைக்கு மட்டும் உரிய குறை அன்று. மைசூர் நகரத்தில் சூடாரத்னா என்ற அம்மையாருக்கும் இதே கதைதான். பத்துப் பேர் அடங்கிய கூட்டுக் குடும்பம். சமையலும் பரிமாறலும் பாத்திரம் துலக்கலுமாக அவருடைய ஆயுளின் பெரும்பகுதி அடுப்பங்கரையிலேயே கழிந்துவிட்டது. கணவர் தக்ஷிணாமூர்த்தி 2015-ஆம் வருஷம் காலமானார். மகன் கிருஷ்ணகுமார் பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். அவர் ஒரு நாள் தாயாரிடம் திருவண்ணாமலை, ஸ்ரீரங்கம், திருப்பதி என்று வரிசையாகச் சொல்லி, இவற்றையெல்லாம் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். தாம் பக்கத்திலிருக்கும் பேலூர், ஹளேபீடுகூடப் பார்த்ததில்லை என்று தாயார் பதில் சொன்னார்.

பேலூர் எங்கே இருக்கிறது? மைசூரிலிருந்து காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரம். ஹொய்சளர்களின் சிற்பங்களைக் காணக் கடல் கடந்து வெளிதேசத்தார் வருகிறார்கள். அந்த ராஜ்யத்திலேயே பிறந்து, வாழ்ந்து, முதுமை அடைந்த ஸ்திரீ அவற்றைக் கண்டதில்லை! யாரும் அவரைத் தடுக்கவில்லை; யாரும் அழைத்துப் போகவுமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பதில் மகனுடைய நெஞ்சில் தைத்தது. உத்தியோகத்தை விட்டார். 2018-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி, தாயாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, பஜாஜ் சேதக் ஸ்கூட்டர் ஒன்றில் மைசூரை விட்டுக் கிளம்பினார். "மாத்ரு சேவா சங்கல்ப யாத்திரை" என்று அதற்குப் பெயர் வைத்தார். ஸ்கூட்டர் புதியதன்று. 2001-இல் தகப்பனார் மகனுக்கு வாங்கிக் கொடுத்தது. அதில் போனால் தகப்பனாரும் உடன் வருவதுபோல் இருக்கிறதென்றும், மூவருமாகவே யாத்திரை செய்வதாகவும் மகன் பின்னால் கூறினார்.

வாசக நேயர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கணவரும் மனைவியுமாகச் செய்திருக்க வேண்டிய யாத்திரை அது. கணவருடைய ஸ்தானத்தில் ஓர் இரும்பு வாகனம் இருந்ததே என்பதை நினைக்கும்போது, மகனுடைய அன்பைப் போற்றுகிற அதே சமயத்தில், மனத்தில் ஒரு வேதனையும் உண்டாகத்தான் செய்கிறது.

கோயில்களிலும் மடங்களிலும் தங்கிக்கொண்டு, சேமித்து வைத்திருந்த பணத்தைச் செட்டாகச் செலவு செய்துகொண்டு, இருவரும் பாரத தேசத்தை வலம் வந்தார்கள். நேபாளம், பூட்டான், பர்மா ஆகிய அயல் நாடுகளுக்கும் போனார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. அப்புறந்தான் தகப்பனார் எதிரே வந்து தடுத்ததுபோல ஒரு தடை வந்தது.

2020-ஆம் வருஷம் மார்ச் 25-ஆம் தேதி, கொரோனா என்ற கொள்ளைநோயின் காரணமாக தேசம் முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. அப்போது தாயும் மகனும் பூட்டான் எல்லையருகே இருந்தார்கள். எல்லைகள் அடைபட்டன. ஒன்றரை மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கும்படி ஆயிற்று. பிறகு அனுமதிச் சீட்டுக் கிடைத்தது. அதே பழைய ஸ்கூட்டரில் 2,673 கிலோமீட்டர் தூரத்தை ஒரே வாரத்தில் கடந்து மைசூர் வந்து சேர்ந்தார்கள். கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 380 கிலோமீட்டர் ஆகிறது. எழுபது வயதை நெருங்கிய அம்மையார் அவ்வளவு தூரமும் பின் ஆசனத்தில் உட்கார்ந்து வந்தார் என்றால், சமையற்கட்டு அவருடைய தைரியத்தை அடியோடு கொண்டுபோய்விடவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த மாதங்களில் எல்லோருக்கும் அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. நமது திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டியை ஒட்டிச் செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலையில், வடநாட்டுத் தொழிலாளர்கள் கொளுத்தும் மே மாத வெயிலில் ஊரை நோக்கி நடந்தார்கள். அவர்களும் எதிர்பாராமல் வீடு திரும்பியவர்களே. ஆனால் அவர்கள் உல்லாசப் பிரயாணம் வந்தவர்களல்ல, பிழைக்க வந்தவர்கள். ஆபத்து வந்தவுடன் எல்லோருடைய மனமும் நாடியது ஒரே இடத்தை. அது சொந்த வீட்டு வாசற்படி.

வீடு திரும்பியதோடு சூடாரத்னா அம்மையாரின் யாத்திரை முடிந்துவிடவில்லை. தொற்றின் வேகம் தணிந்த பிறகு தாயும் மகனும் அதே ஸ்கூட்டரில் மறுபடியும் புறப்பட்டார்கள். கல்யாணத்துக் காசி யாத்திரைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பாதியில் திரும்புவது பெரிய குற்றமில்லை. திரும்பியவர் பிறகு கிளம்பாமலே இருந்துவிடுவதுதான் குற்றம்.

"இதற்கெல்லாம் பணம் வேண்டாமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொச்சி நகரத்தில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சிறு டீக்கடையை நடத்தி வந்த விஜயன், மோகனா என்ற தம்பதிகளின் வாழ்க்கையே இதற்குப் பதில். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. கணவர் டீ ஆற்ற, மனைவி பலகாரம் செய்ய, இருவருமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். நாள்தோறும் 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள். வருஷத்துக்கு அது 1,09,500 ரூபாய் ஆகிறது. போதாததற்குக் கடன் வாங்கினார்கள். போய் வந்து கடனை அடைத்தார்கள். அடைத்தவுடன் மறுபடியும் வாங்கினார்கள். 2007-இல் எகிப்து தேசத்துக்குப் போனதில் தொடங்கி, 26 நாடுகளை அந்தத் தம்பதிகள் சேர்ந்தே கண்டார்கள். 2021-ஆம் வருஷம் ருஷியாவுக்குப் போய்வந்தார்கள். திரும்பிய சில வாரங்களில், நவம்பர் மாதத்தில், விஜயன் காலமானார்.

கடன் வாங்கி ஊர் சுற்றும்படி நாம் யாருக்கும் யோசனை சொல்லத் துணிய மாட்டோம். நெசவாளி வீட்டில் நாளுக்கு 300 ரூபாய் மிச்சம் பிடிப்பது நடக்கிற காரியமுமல்ல. ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விஜயன் "ஓய்வு பெற்ற பிறகு" என்று ஒத்திப் போட்டிருந்தால், மோகனா அம்மையாருக்கு அந்த 26 நாடுகளும் வெறும் பெயர்களாகவே இருந்திருக்கும். கணவர் போன பிறகு மனைவிக்கு எஞ்சியிருப்பது நினைவு ஒன்றுதான். அந்த நினைவில் அடுப்பங்கரை மட்டும் இருக்க வேண்டுமா, அல்லது இருவரும் சேர்ந்து கண்ட ஒரு நதியும் ஒரு மலையும் இருக்க வேண்டுமா என்பதைக் கணவன்மார் உயிரோடிருக்கும்போதே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நாளொன்றுக்கு 20 ரூபாய் உண்டியலில் போட்டால் வருஷத்துக்கு 7,300 ரூபாய் சேர்கிறது. அதைக் கொண்டு எகிப்துக்குப் போக முடியாது. ஆனால் ஆர்.கே.பேட்டைத் தம்பதிகள் காஞ்சீபுரத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் தாராளமாகப் போய் வரலாம். அதுவும் இயலாதவர்கள், தறிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்துவிட்டுச் சோளிங்கபுரத்துக்காவது புறப்படலாம். முழங்கால் வலியைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் இப்போது வழியில்லை. மலைக்குக் கம்பிவட ஊர்தி 2024-ஆம் வருஷம் வந்துவிட்டது.

கல்யாணத்தன்று மடக்கி வைத்த குடை ஒன்று எல்லோருடைய வீட்டிலும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. அதை எடுத்து விரித்து, இந்தத் தடவை பெண்ணையும் உடன் அழைத்துக்கொண்டு கிளம்பினால், தடுப்பதற்கு மாமனார் வரப்போவதில்லை. வழியில் வேறு ஏதாவது தடை வந்தால் வரட்டும். வீடு எங்கேயும் ஓடிப்போகாது. திரும்பி வந்து, இளைப்பாறி, மறுபடியும் கிளம்பலாம்.